பெயிண்ட் காயும் நேரம்

ஒரு சின்னக் கணக்கு போடலாம். பயப்படாதீர்கள், வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

உங்களிடம் ஒரு கார் தொழிற்சாலை இருக்கிறது. தினமும் 1,000 வண்டிகள் தயாராகின்றன. எஞ்சின் ரெடி. சக்கரம் ரெடி. ஆனால் பாடிக்கு அடித்த பெயிண்ட் காய்ந்து முடிய மூன்று வாரம் ஆகும். அதாவது 21 நாள். ஆக, எந்த நேரத்தில் நீங்கள் எட்டிப் பார்த்தாலும் 21,000 பாடிகள் சும்மா நின்று காய்ந்துகொண்டிருக்கும். வெட்டவெளியில் விட முடியாது. தூசு ஒட்டும், மழை பெய்யும். அத்தனைக்கும் கூரை வேண்டும். மரத்துக்கும் தகரத்துக்கும் கொடுத்த காசு, ஆசாரிக்குக் கொடுத்த கூலி எல்லாம் அந்தக் கூரைக்கு அடியில் முடங்கிக் கிடக்கும்.

பி.காம். படித்தவன் எவனும் இதைப் பெயிண்ட் பிரச்னை என்று சொல்ல மாட்டான். இது முதலீடு முடங்கும் பிரச்னை. 1920-ம் வருஷத்து அமெரிக்கக் கார் கம்பெனிகளுக்கு இருந்த நிஜமான தலைவலிகளில் ஒன்று இது.

இந்தப் பழைய கணக்கு இப்போது எதற்கு?

இன்றைக்கு அமெரிக்காவில் புதிதாக பிக்கப் ட்ரக் வாங்குகிற பலர், முதல் சனி ஞாயிறை வீட்டு கராஜிலேயே கழிக்கிறார்கள். முன்னால் கார் மாதிரி கேபின், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. அதுதான் பிக்கப். வண்டி புத்தம் புதுசு. பெயிண்டில் முகம் பார்க்கலாம். ஆனாலும் மனிதர் ஒரு சின்ன பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விட்டு, அங்குலம் அங்குலமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். செராமிக் கோட்டிங்.

புது வண்டியை ஏன் தேய்க்க வேண்டும்? அந்தப் பதில், மேலே சொன்ன கூரைக்கு அடியில்தான் ஆரம்பிக்கிறது.

*

கார் வருவதற்கு முன்னால் குதிரை வண்டி. அதற்குப் பெயிண்ட் அடிப்பது தனிக் கலை. ஆளிவிதை எண்ணெய் கலந்த வார்னிஷை பிரஷ்ஷால் ஒரு கோட் அடிப்பார்கள். காய விடுவார்கள். பொடி போட்டுத் தேய்த்து மட்டப்படுத்துவார்கள். மறுபடி ஒரு கோட். மறுபடி காய விடுதல். இப்படியே வாரக்கணக்கில் போகும். மாசத்துக்கு நாலு வண்டி செய்கிறவருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. பணக்கார வாடிக்கையாளர் காத்திருப்பார்.

ஆனால் ஹென்றி ஃபோர்டுக்குக் காத்திருக்கிற வியாதியே கிடையாது. 1908-ல் மாடல் டி வந்தது. ஆரம்பத்தில் அதில் சிவப்பு உண்டு, பச்சை உண்டு, சாம்பல் உண்டு. பிறகு 1913-ல் அவருடைய ஆலையில் ஓடும் அசெம்பிளி லைன் வந்ததும் கதை மாறிவிட்டது. 1914 முதல் 1925 வரை மாடல் டி என்றால் கறுப்பு மட்டும். ஃபோர்டின் பிரபலமான கறுப்பு டயலாக்கை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அது திமிர் இல்லை. கணக்கு. தாரின் உறவுக்கார சாமானான அஸ்ஃபால்ட் கலந்த அந்தக் கறுப்பு எனாமல் மலிவு, உறுதி. உலையில் வைத்துச் சுடலாம். அந்தக் காலத்து மற்ற நிறங்களை அந்தச் சூட்டில் வைத்தால் நிறம் மாறிப் பல்லிளித்துவிடும். கறுப்பு இன்னும் எவ்வளவு கறுத்துவிடப் போகிறது?

1925 ஏப்ரலில் ஃபோர்டு ஒரு காரியம் செய்தார். மாடல் டியின் பின்பக்கத்தில் தொழிற்சாலையிலேயே ஒரு தொட்டியைப் பொருத்தி விற்பனைக்கு விட்டார். விலை 281 டாலர். இன்றைய மதிப்பில் சுமார் 5 ஆயிரம் டாலர். ஃபோர்டின் முதல் பிக்கப் அதுதான். நிறம்? வேறென்ன, கறுப்பு. அதை வாங்கிய விவசாயி வைக்கோல் ஏற்றினார், பன்றி ஏற்றினார், எரு ஏற்றினார். பெயிண்டைப் பற்றி அவர் கவலைப்பட்டிருக்க நியாயமே இல்லை. மண்வெட்டிக்கு யாராவது பாலிஷ் போடுவார்களா?

*

அதே சமயத்தில் எதிர் முகாமில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ். 1923-ல் அதன் தலைமைக்கு வந்தவர் ஆல்ஃப்ரட் ஸ்லோன். ஃபோர்டோடு விலையில் மோதினால் எலும்பு மிஞ்சாது என்பது அவருக்குத் தெரியும். வேறு எதையாவது விற்க வேண்டும். எதை? ஆசையை. ஆசைக்கு நிறம் வேண்டும். நிறமோ காயமாட்டேன் என்கிறது.

கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் சார்லஸ் கெட்டரிங். காரைக் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் கொடுமையை ஒழித்து, பட்டனை அமுக்கினால் கிளம்பும் ஸ்டார்ட்டரைக் கொடுத்த அதே மனிதர்தான். பெயிண்ட் நிபுணர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்தக் காயும் நேரத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்று கேட்டார். கஷ்டப்பட்டால் சில நாள் குறைக்கலாம் என்றார்கள். எனக்கு ஒரு மணி நேரத்தில் காய வேண்டும் என்றார் கெட்டரிங். அந்த அறையில் எத்தனை பேர் மனசுக்குள் சிரித்திருப்பார்களோ!

விடை எங்கிருந்து வந்தது தெரியுமா? வெடிமருந்து ஆலையிலிருந்து.

டூபான்ட் கம்பெனிக்கு அன்று முக்கியத் தொழில் வெடிமருந்து. முதல் உலகப் போரில் நேச நாடுகளுக்கு மலை மலையாக அனுப்பியது. அதன் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். சாதாரணப் பஞ்சை அமிலத்தில் ஊறவைத்தால் கிடைப்பது. போர் 1918-ல் முடிந்துவிட்டது. ஆலைகள் இருக்கின்றன, சரக்கு இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. என்ன செய்வது?

நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்துப் பூசினால் பளிச்சென்று ஒரு மேல்பூச்சு வரும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். ஆனால் கரைசல் பசை மாதிரி கெட்டியாக இருக்கும். தேவையான அளவு கரைப்பானை ஊற்றி நீர்க்கவைத்தால், ஒரு கோட்டுக்கு ஒன்றுமே ஒட்டாது. 1920 வாக்கில் நியூஜெர்சியின் பார்லின் ஊரில் இருந்த டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் எட்மண்ட் ஃப்ளாஹர்ட்டியும் அவர் கூட்டாளிகளும் வழி கண்டுபிடித்தார்கள். சோடியம் அசிட்டேட் என்கிற உப்பு சேர்ந்தால் அந்தப் பசை இளகுகிறது. சத்து குறையாமல் நீர்த்துப்போகிறது. நிறப்பொடியை நிறையக் கலக்கலாம், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் போட்டுப் பீய்ச்சி அடிக்கலாம். அடித்த கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும்.

அதற்கு வைத்த பெயர் டூகோ. நம்மூர் டிங்கரிங் பட்டறைகளிலும் மரச்சாமான் கடைகளிலும் ஸ்ப்ரே பெயிண்டுக்கே டூகோ என்று பெயர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல் கிளம்பிய இடம் இதுதான்.

கெட்டரிங் பற்றி ஒரு கதை சொல்வார்கள். இதெல்லாம் நடக்காத காரியம் என்று அடம்பிடித்த ஒரு பெயிண்ட்காரரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். பேச்சுவாக்கில், உங்கள் காருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டுவைத்தார். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தவருக்குத் தன் காரைக் காணவில்லை. அவர் சொன்ன நிறத்தில் ஒரு கார் மட்டும் நின்றது. அதுதான் அவருடைய கார்! கதையில் மசாலா எவ்வளவோ, டூகோவின் வேகம் நிஜம்.

1924-ம் வருஷத்து மாடலாக ஓக்லண்ட் கார், டூகோ பூசிய நீல நிறத்தில் சந்தைக்கு வந்தது. 1925-ல் ஷெவர்லேவுக்கும் டூகோ. வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கிவிட்டது. 21,000 பாடிகள் நின்ற ஷெட் காலி.

இன்னொரு தகவலும் சொல்லிவிடுகிறேன். டூபான்ட் கையில் ஜெனரல் மோட்டார்ஸின் பங்குகள் சுமார் 23 சதவீதம் இருந்தன. பெயிண்ட் விற்கிறவரும் வாங்குகிறவரும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். இது நியாயமான வியாபாரம் இல்லை என்று வழக்கு நடந்து, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957-ல் டூபான்டுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது.

*

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். நிறத்தோடு கூடவே ஜெனரல் மோட்டார்ஸ் இன்னொன்றையும் விற்றது. கடன்.

1919-ல் கார் வாங்கக் கடன் கொடுக்கவே ஒரு துணைக் கம்பெனி தொடங்கியது. கொஞ்சம் முன்பணம், மீதி மாதாமாதம். ஃபோர்டுக்குக் கடன் என்றால் ஆகாது. 1923-ல் அவரும் ஒரு திட்டம் கொண்டுவந்தார். வாரம் 5 டாலர் கட்டிக்கொண்டே வாருங்கள், முழுத் தொகை சேர்ந்ததும் கார். சீட்டு கட்டுகிற மாதிரி. அங்கே இன்றைக்கே நீலக் கார், பிறகு பணம். இங்கே இன்றைக்கே பணம், பிறகு கறுப்புக் கார். ஜனங்கள் எந்தப் பக்கம் போயிருப்பார்கள்?

ஃபோர்டு 1926-ம் வருஷ மாடலில் நிறங்களைத் திரும்பக் கொண்டுவந்தார். நேரம் கடந்துவிட்டது. 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளியே வந்தது. அத்தோடு மாடல் டிக்கு மங்களம் பாடிவிட்டார்கள்.

கடனுக்கும் பளபளப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய. ரொக்கம் கொடுத்து வாங்கிய வண்டி மங்கினால் மங்கட்டும், நம்முடையதுதானே. கடனில் வாங்கியது அப்படி இல்லை. தவணை பாக்கி இருக்கும்போதே வண்டி பழசாகிவிட்டால் வயிறு எரியும். மேலும், அடுத்த மாடல் வரும்போது பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும். பழைய வண்டிக்கு விலை பேசுகிறவர் முதலில் பார்ப்பது பெயிண்டை.

டூகோவுக்கு ஒரு குறை உண்டு. சீக்கிரம் காயும், ஆனால் தானாகப் பளபளக்காது. தேய்த்தால்தான் மினுக்கும். வெயிலில் நின்றால் மறுபடி மங்கும். மறுபடி தேய்க்க வேண்டும். தொழிற்சாலை மிச்சப்படுத்திய நேரத்தில் ஒரு பங்கு வண்டிக்காரரின் ஞாயிற்றுக்கிழமையில் வந்து உட்கார்ந்தது இப்படித்தான். மெழுகு வியாபாரம் செழித்தது. 1940-களில் சிகாகோவில் பென் ஹிர்ஷ் என்பவர் வீட்டுக் குளியல் தொட்டியில் பாலிஷ் கலக்கி ஆரம்பித்த தொழில்தான் பிற்பாடு டர்ட்டில் வாக்ஸ் ஆனது. பிரேசிலின் ஒரு வகைப் பனை ஓலையில் படியும் கார்னௌபா மெழுகு, அமெரிக்கக் கார்களின் முதுகில் ஏறியது. பளபளப்பு சில வாரம் தாங்கும். பிறகு மழையில் போகும்.

*

அடுத்த பெரிய மாற்றம் 1980-களில் பரவியது. நிறத்தைத் தனியாக ஒரு கோட் அடித்து, அதன் மேல் நிறமே இல்லாத ஒரு தெளிந்த பூச்சு. கிளியர் கோட். கண்ணாடி போட்ட படம் மாதிரி நிறம் உள்ளே பத்திரமாக இருக்கும். தேய்க்காமலே மினுமினுக்கும். அப்பாடா, ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்தது என்று நினைத்தார்கள்.

ம்ஹும். இப்போது கிளியர் கோட்டில் கீறல் விழுந்தது. அமில மழை வட்டம் வட்டமாக அரித்தது. ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்துக் காற்றில் இந்த அரிப்பு எவ்வளவு மோசம் என்றால், பெயிண்ட் கம்பெனிகள் தங்கள் மாதிரித் தகடுகளை அந்த ஊரில் கோடை முழுக்க வெளியில் வைத்துச் சோதிப்பதே வழக்கமாகிவிட்டது. பறவை எச்சம், பூச்சி ரத்தம், கடின நீர்க் கறை என்று ஆளாளுக்குத் தாக்கினார்கள்.

இத்தனைக்கும் ஒரு புது ட்ரக்கின் மொத்தப் பெயிண்டும் சேர்ந்து நூற்றுச் சொச்சம் மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். பாலிஷ் போடும்போதெல்லாம் அதில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது.

இங்கேதான் செராமிக் கோட்டிங் நுழைகிறது. பெயரைப் பார்த்து பீங்கான் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே இருப்பது சிலிக்கான் சார்ந்த திரவம். பல தயாரிப்புகளில் பாலிசிலாசேன் என்கிற பொருள். இதை முதலில் செய்து விவரித்தவர்கள் ஜெர்மனியின் ஆல்ஃப்ரட் ஸ்டாக்கும் அவருடைய சகாவும். வருஷம் 1921. அமெரிக்காவில் டூகோ உருவாகிக்கொண்டிருந்த அதே சமயம்! அவர்களுக்குக் காரும் ட்ரக்கும் நினைப்பிலேயே இல்லை. காற்றிலிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து இது இறுகி, கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவை ஒத்த மெல்லிய தோலாகிவிடுகிறது. மெழுகு மாதிரி மேலே உட்கார்ந்திருக்காமல் கிளியர் கோட்டோடு பிணைந்துகொள்கிறது. அதனால் வாரக்கணக்கில் இல்லை, வருஷக்கணக்கில் தாங்கும்.

கனம் எவ்வளவு? ஒன்றிரண்டு மைக்ரான். அவ்வளவுதான்.

பாட்டிலில் பெரிதாக 9ஹெச் என்று போட்டிருப்பார்கள். வைரத்துக்கு அடுத்த கடினம் என்று விற்பனையாளர் கதை விடுவார். நம்பாதீர்கள். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் வேறு. இந்த 9ஹெச் பென்சில் கணக்கு. 9ஹெச் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டால் கீறல் விழவில்லை, அவ்வளவுதான் அர்த்தம். ரோட்டில் கிடக்கும் மணலும் ஜல்லியும் பென்சிலை விட முரட்டு ஆசாமிகள். முன்னால் போகிற லாரியிலிருந்து தெறிக்கும் கல்லை இந்தத் தோல் தடுக்காது.

வேறு எதைத் தடுக்கும்? எச்சமும் பூச்சியும் உடனே அரிக்காமல் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். கழுவுவது சுலபம். அதுவே பெரிய விஷயம்தான்.

*

ஷோரூமில் இதைப் பூசிக்கொடுக்க ஆயிரம் டாலர், அதற்கு மேலும் கேட்கிறார்கள். அதையும் கடனோடு சேர்த்து வட்டி போட்டுவிடுவார்கள். வீட்டில் செய்யும் கிட் நூறு டாலருக்குள் கிடைக்கிறது. வித்தியாசம் முழுக்க உழைப்பு.

உழைப்பு என்றால் என்ன? பூசுவது கடைசி வேலை. முதலில் கழுவ வேண்டும். புது வண்டிதானே என்று விடக்கூடாது. தொழிற்சாலையிலிருந்து ரயிலில் வந்த ட்ரக்கின் மேல் தண்டவாளத்து இரும்புத் துகள்கள் குத்திக்கொண்டிருக்கும். அதற்கென்று ஒரு திரவம் உண்டு, தெளித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். மிச்சத்தைக் களிமண் போன்ற ஒரு பிசினை, வழுவழுப்பாக்கும் திரவத்தின் மேல் உருட்டி எடுக்க வேண்டும். பிறகு மெல்லிய பாலிஷ். ஏனென்றால் இப்போது இருக்கிற கீறலையும் சேர்த்துத்தான் செராமிக் மூடும். பிறகு ஆல்கஹால் கலந்த துடைப்பு, ஒரு துளி எண்ணெய்ப்பசைகூட இல்லாமல்.

இத்தனைக்கும் பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு. தகடு தொட்டால் சுடக்கூடாது. துணி சுற்றிய கட்டையில் சில சொட்டு விட்டு, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பூச வேண்டும். சற்று நேரத்தில் மேலே வானவில் மாதிரி நிறம் ஓடும். அதுதான் சிக்னல். உடனே ஒரு துணியால் துடைத்து, இன்னொரு துணியால் மறுபடி துடைக்க வேண்டும். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது அன்றைய வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்தது. அசந்தால் திட்டுத் திட்டாக இறுகிவிடும். பிறகு மெஷின் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். பக்கவாட்டில் விளக்கடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். முடிந்த பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது. ஒரு வாரம் சோப்பு போட்டுக் கழுவக்கூடாது.

ஆம், காய வேண்டும். கூரைக்கு அடியில். கவனித்தீர்களா? சுற்றி வளைத்துப் பழைய ஷெட்டுக்கே வந்துவிட்டோம். இந்த முறை ஷெட் வாங்கியவருடையது.

1925-ல் 281 டாலருக்கு வந்த பிக்கப், இன்றைக்குப் பெரிய சைஸில் சராசரியாக 60 ஆயிரம் டாலரைத் தாண்டி விற்கிறது. வைக்கோல் ஏற்றிய சாமான் இப்போது குடும்ப வண்டி, தோல் சீட்டு, ஊருக்குக் காட்டும் அந்தஸ்து. அமெரிக்காவில் புது வண்டிக் கடனின் சகஜமான தவணைக்காலம் 72 மாதம். ஆறு வருஷம். கோட்டிங் பாட்டில்கள் சத்தியம் செய்வது இரண்டு முதல் ஐந்து வருஷம்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த மனிதர் கராஜில் குனிந்து தேய்ப்பது இரும்பைக் காப்பாற்ற இல்லை. கடைசித் தவணை கட்டும்வரை வண்டி புதுசாகத் தெரிய வேண்டும். விற்கப் போனால் விலை இறங்கக்கூடாது. தப்பான ஆசை என்று சொல்ல மாட்டேன். நூறு டாலருக்கும் இரண்டு நாள் உழைப்புக்கும் அது நல்ல பேரம்தான், ஷோரூமில் ஆயிரம் கொடுத்து அதற்கும் வட்டி கட்டாதவரை.

தொழிற்சாலைக் கணக்கில் 21 நாள் வரவானது. அதில் இரண்டு நாள் வாங்கியவர் கணக்கில் பற்று. பேரேட்டில் எங்காவது எழுதித்தானே ஆக வேண்டும்!